கடிகாரத்தின் முதுகில் பன்னிரண்டு வார்த்தைகள்

அத்தியாயம் 7

“நாலு மணி வரைக்கும் டைம் தர்றேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது, போலீஸுக்குப் போயிடுவேன்” என்றார் கடிகாரக்காரரின் மனைவி. அவர் வாயை மூடுவதற்குள் கடைச் சுவரில் இருந்த ஒரு கடிகாரம் கணீரென்று நாலு அடித்தது.

கொசுறு பதறிப்போய்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டுதான்.

“எந்த நாலு மணின்னு தெளிவா சொல்லிடுங்கம்மா. நாங்க வந்த பத்து நிமிஷத்துல இங்க ரெண்டு தடவை நாலு அடிச்சாச்சு.”

“எல்லாம் ரிப்பேருக்கு வந்தது தம்பி. சரியா மணி காட்டினா ஏன் இங்க வருது?”

கொசுறு தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டான். மேடம் திரும்பி ஒரு முறை அவனைப் பார்த்துக்கொண்டார்.

மேடம் இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்தவர். அங்கே அவருக்கு ‘ரிஜெக்ட் மேடம்’ என்று பெயர். வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறக்க ஓர் அறையை வாடகைக்கு எடுத்தபோது, பழைய குடித்தனக்காரர் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுற்றாத ஃபேன், கூடவே நாற்பது வயதுள்ள ஓர் உதவியாளன் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த நாற்பது வயதுக்குத்தான் கொசுறு என்று பெயர் விழுந்தது.

விஷயம் இதுதான். கடிகாரக்காரர் ஆறு வருடமாக யாருக்கும் சொல்லாமல் கிரிப்டோ வாங்கிச் சேர்த்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் கடையிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு போய்விட்டது. கையில் இருந்த ஃபோன் தரையில் மோதி நொறுங்கிப்போனது. பேச்சுப் பயிற்சியும் கை கால் பயிற்சியும் வருடக் கணக்கில் ஆகும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கான பணம் முழுக்க அந்தக் காயினில் இருந்தது.

காயினைத் திறக்கப் பன்னிரண்டு வார்த்தைகள் வேண்டும். அவற்றை நேற்றுக் கண்டுபிடித்தவர் மேடம். கடையில் ஒரே ஒரு சுவர்க் கடிகாரம் மட்டும் சரியான நேரம் காட்டியது. அப்படியானால் அது ரிப்பேருக்கு வந்ததல்ல, கடிகாரக்காரரின் சொந்தச் சொத்து என்று கழற்றிப் பார்த்தார். வெள்ளைப் பெயின்ட் அடித்த டயலின் பின்பக்கத்தில், ஒவ்வொரு மணிக்கும் நேர் பின்னால் ஒரு வார்த்தையாக, வட்டமாகப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் இருந்தன. குடை, வெங்காயம், எலுமிச்சை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வார்த்தைகள்.

எல்லோரும் கை தட்டினார்கள். புது ஃபோனில் வார்த்தைகளை வரிசையாகத் தட்டினார்கள். ‘தவறான வார்த்தைகள்’ என்று ஃபோன் கை விரித்துவிட்டது.

அந்த நிமிடத்திலிருந்து கடிகாரக்காரரின் மனைவி முழு மாமியாராகிவிட்டார். அவர் விரல் மருமகனை நோக்கியே நீண்டிருந்தது.

“பதினொண்ணாவது வார்த்தையைப் பாருங்க” என்று டயலை மேஜைமேல் கவிழ்த்துக் காட்டினார். “மத்ததெல்லாம் பென்சில். இது ஒண்ணு மட்டும் பேனா. பழைய வார்த்தைய அழிச்சிட்டு அவன் வேற எழுதியிருக்கான். போன மாசம் ஆணி மாத்தறேன்னு இந்தக் கடிகாரத்தை எறக்கினது யாரு? அந்த லிஃப்ட்காரன்தானே?”

அந்த லிஃப்ட்காரன் கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்வது அவன் தொழில். நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பழகியவன் என்பதால் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். மகள் வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா போலீஸுக்குப் போனால் எந்தக் காலை எடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

“எனக்கு முதல்ல இது புரியணும்” என்றார் மாமியார். “ஃபோன் உடைஞ்சா காசும் அதோட போச்சுதானே?”

“காசு ஃபோன்ல இல்லம்மா” என்றார் மேடம். “உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே பேரேடு இருக்கு. எந்தப் பெட்டியில எவ்வளவு இருக்குன்னு யார் வேணா அதுல பார்க்கலாம். ஆனா பெட்டி யாரோடதுன்னு பேர் போட்டிருக்காது. எடுக்கணும்னா சாவி வேணும். சாவிதான் இந்தப் பன்னிரண்டு வார்த்தை. வரிசைகூட மாறக் கூடாது.”

“சாவி தொலைஞ்சா?”

“தொலைஞ்சதுதான். அழுது பொலம்ப பேங்க் மேனேஜர் கிடையாது.”

“அடுத்தவன் சாவிய பார்த்துட்டா?”

“அப்போ பெட்டி அவனுது.”

மாமியாரின் முகம் சட்டென்று சுண்டியது. “இவ்வளவு ஆபத்தான சமாச்சாரத்தை எதுக்குத்தான் வாங்கினாரோ!”

“ஏறும்னுதாம்மா. எல்லாரும் அப்படி நம்பித்தான் வாங்கறோம்” என்றான் கொசுறு. முடி வெட்டுபவர் சொன்னார் என்று ஒரு மாதச் சம்பளத்தை ஒரே மூச்சில் போட்டுத் தவளைப் படம் போட்ட காயின் ஒன்றை வாங்கியிருந்தான். இன்றைய நிலவரப்படி அந்தத் தவளைகள் எல்லாம் சேர்ந்தால் இரண்டு டீ வாங்கலாம். இரண்டாவது டீக்குச் சர்க்கரை கேட்க முடியாது.

வெளியிலிருந்து மருமகன் முதல்முறையாக வாயைத் திறந்தான். “மாமா அப்படி வாங்கலைங்க. தினம் ஒரு வாட்சுக்கு பேட்டரி மாத்தற காசை மட்டும் தனியா எடுத்து வெப்பார். மாசம் ஒரு தடவை வாங்குவார். போனாலும் அழக் கூடாத காசுல மட்டும்தான் வாங்கணும்னு சொல்லுவார். நான் கத்துக் குடுத்தேன், அவர் என்னைவிட நல்லா செஞ்சார்.”

“பெட்டி நம்பர் உங்ககிட்ட இருக்கா?” என்றார் மேடம்.

மருமகன் தன் ஃபோனைத் தட்டிப் பேரேட்டைக் காட்டினான். மாமாவின் பெட்டி அப்படியே நிறைந்திருந்தது. ஒரு சல்லிக் காசு வெளியே போகவில்லை.

“பார்த்தீங்களாம்மா? திருட வந்தவனுக்கு வார்த்தைய மாத்த வேண்டிய அவசியமே இல்ல. பன்னிரண்டையும் பார்த்துக்கிட்டா போதும், அன்னிக்கே காலி பண்ணியிருப்பான்.”

“எல்லாரும் மறந்தப்புறம் எடுக்கலாம்னு இருப்பான். இப்படிப்பட்ட கேஸ்ல பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளைதான் கை வெப்பானாம்.”

“வெப்பானாமா? உங்களுக்கு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? எனக்கே தெரியாதா?” என்ற மாமியார், மடியில் இருந்த கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பைக்குள் அவருடைய ஃபோன் இரண்டு முறை உறுமியது. அவர் அதை எடுக்கவில்லை.

இதையெல்லாம் குறிப்பெடுப்பது கொசுறுவின் வேலை. நோட்டை மறந்துவிட்டு வந்ததால் மேஜைமேல் கிடந்த பளபளப்பான கடைக் கார்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் எழுதினான். ‘போன மாசம் ஆணி’ என்று எழுதியதுமே மை பரவி அவன் உள்ளங்கையில் ஏறியது. சட்டையில் துடைத்தான். சட்டையும் நாசமானது. மாமியாரிடம் பென்சில் வாங்கி மீதியை எழுதினான்.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார் மேடம்.

“அவரால பேச முடியாதே” என்றார் மாமியார்.

“அதனாலதான் போறோம். பேசறவங்க யாரும் இங்க உருப்படியா ஒண்ணும் சொல்லல.”

*

கடிகாரக்காரர் தலையணைகூட இல்லாமல் மட்டமல்லாக்கப் படுத்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் தூங்கியது. இன்னொரு பக்கம் எரிச்சலில் இருந்தது.

“எப்பவும் இப்படித்தான் படுப்பாரா?” என்று கேட்டார் மேடம்.

“அவருக்கு இப்படித்தான் பிடிக்குது” என்றார் நர்ஸ். “விரலால சுத்திக் காட்டுவார். கட்டிலோட கைப்பிடிய அந்தப் பக்கமா சுத்தினா தலைமாடு எறங்கும். எறக்கி விடுவேன். மறுபடியும் சுத்திக் காட்டுவார். மறுபடியும் எறக்குவேன். இப்ப இதுக்கு மேல எறங்க வழியில்ல, அப்பவும் சுத்தறார்.”

“வீட்டம்மா என்ன சொல்றாங்க?”

“பாவம், கடிகாரத்துக்குச் சாவி குடுக்கற ஞாபகம்னு அழுவாங்க.”

கொசுறு கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றான். கடிகாரக்காரரின் வலது ஆள்காட்டி விரல் மெதுவாக எழுந்து காற்றில் ஒரு வட்டம் போட்டது. மேலே தொடங்கி, இடது பக்கமாக இறங்கி, வலது பக்கமாக ஏறி வந்தது. கடிகார முள் போகிற வழிக்கு நேர் எதிர் வழி.

“மேடம், முப்பது வருஷம் கடிகாரத்தோட குடித்தனம் பண்ணின மனுஷன் முள்ளைத் திருப்பி ஓட்டறாரே!”

மேடம் குனிந்தார். “சார், உங்களுக்குக் கட்டில் எறங்கணுமா? ஆமான்னா கண்ணை மூடுங்க.”

கண் மூடவில்லை. அந்த ஒற்றைக் கண்ணில் இருந்த கோபத்தைப் பார்த்தால் நர்ஸ் இன்றைக்கு டியூட்டி மாற்றிக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

“சாவி குடுக்கறீங்களா?”

மூடவில்லை.

“உங்க மாப்பிள்ளை ஏதாவது தப்பு பண்ணினாரா?”

கண் அகல விரிந்தது. விரல் இடமும் வலமுமாக வேகமாக ஆடியது. பிறகு மறுபடியும் அதே வட்டத்தைப் போட்டது. இந்த முறை இரண்டு வட்டம். ஓரத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. கொசுறு தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

“புரிஞ்சுடும் சார். ஒரு மணி நேரம் குடுங்க” என்று மேடம் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். போகும்போது நர்ஸிடம், “முதல்ல அவரை நிமிர்த்தி உட்கார வையுங்க. இன்னும் கொஞ்சம் எறக்கினா தரைக்கு வந்துடுவார்” என்றார்.

*

கொசுறுவின் கார் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் ஹார்ன் அடிக்கும் ஜாதி. அதனால் இடது பக்கத் திருப்பங்களில் அவன் மிகவும் கண்ணியமான டிரைவராக இருந்தான்.

“குறிப்பெடுத்த கார்டைக் குடு” என்றார் மேடம்.

கொடுத்தான். மேடம் அதை நெடுநேரம் பார்த்தார்.

“முதல் வரி மட்டும் பேனாவுல இருக்கு.”

“மை ஒட்டல மேடம், வழவழன்னு இருந்துச்சு. கையெல்லாம் பூசிக்கிச்சு. அதனால பென்சிலுக்கு மாறிட்டேன்.”

“மூணாவது வரிய பேனாவுல எழுதிப் பார்க்கணும்னு தோணலையா?”

“ஒரு தடவை அசிங்கப்பட்டா போதாதா?”

“போதும்” என்றார் மேடம். அவர் சிரித்தார். அவர் சிரித்தால் யாரோ ஒருவருடைய க்ளெய்ம் ரத்தாகிவிட்டது என்று அர்த்தம். “வழவழப்பான பெயின்ட்ல ஒரு மனுஷன் பன்னிரண்டு வார்த்தை எழுதறான். பத்து வார்த்தைய பென்சில்ல எழுதி, பதினொண்ணாவதுக்குப் பேனா எடுத்து, பன்னிரண்டாவதுக்குத் திரும்பவும் பென்சில் எடுப்பானா?”

கொசுறு பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த வண்டிக்காரர் அவனுடைய பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

“அப்போ பேனாவுல எழுதினதுதான் முதல் வார்த்தையா மேடம்?”

“மை பூசிக்கிச்சு, பென்சிலுக்கு மாறிட்டார். உன்னை மாதிரியே. யாரும் எதையும் மாத்தல. நாமதான் தப்பான இடத்துல ஆரம்பிச்சிருக்கோம்.”

“எனக்கு இன்க்ரிமென்ட் உண்டா?”

“உன் சட்டைக்கு வேணும்னா குடுக்கலாம்.”

அப்போதுதான் மகளிடமிருந்து ஃபோன் வந்தது. அவள் அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் பேசினாள். கொசுறு ஸ்பீக்கரில் போட்டான்.

“மேடம், அம்மா ஒரு குரூப்ல ‘காயின் சாவி வேலை செய்யலை, உதவி வேணும்’னு போட்டிருக்காங்க. அஞ்சே நிமிஷத்துல மீட்பு நிபுணர்னு ஒருத்தன் வந்துட்டான். காலையிலயே டயலோட பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிட்டாங்க! நாலு மணிக்குள்ள ஃபீஸ் கட்டணுமாம். அதோட என் வீட்டுக்காரர் மேல ஒரு போலீஸ் கம்ப்ளெய்ன்ட் நம்பரும் வேணுமாம். அப்பதான் மீட்டுத் தருவானாம்.”

அவள் ஃபோனை வைத்ததும் கொசுறு மேடம் பக்கம் திரும்பினான்.

“மேடம், அந்த ஆள்கிட்ட பன்னிரண்டு வார்த்தையும் இருக்கு!”

“வரிசை மட்டும் இல்ல. நம்மகிட்ட இல்லாத மாதிரியே” என்றார் மேடம். “ஆனா அவன்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கும். எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கும். ஃபீஸ், போலீஸ் எல்லாம் வீட்டுக்குள்ள சண்டைய மூட்டி நேரம் கடத்தறதுக்கு. ஓட்டு.”

“ஸ்பீடா போனா இஞ்சின்ல புகை வரும் மேடம்.”

“வரட்டும்.”

வந்தது.

*

அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது மணி மூன்று இருபது. மாமியார் கைப்பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அவர் ரொம்ப நல்ல மாதிரி பேசினார் மேடம். வாய்க்கு வாய் அம்மா அம்மான்னு கூப்பிட்டார்.”

“உங்க மாப்பிள்ளை உங்களை எப்படிக் கூப்பிடுவார்?”

“அத்தைன்னு.”

“வாய்க்கு வாய் இல்லாம, வேணும்கற அளவுக்குக் கூப்பிடறவரை வெளியில உட்கார வெச்சிட்டீங்க. உங்க வீட்டு மாப்பிள்ளைதான் கை வெப்பான்னு சொன்னது அந்த நிபுணர்தானே?”

மாமியாரின் தலை மெல்லக் குனிந்தது. “அவர் கையால எழுதினதை ஃபோட்டோ எடுத்து நானே அனுப்பிட்டேனே. போச்சா மேடம்? அவருக்கு வைத்தியம் பார்க்க வேற வழியே இல்லையே” என்றார்.

“இன்னும் போகல. மாப்பிள்ளை, உள்ள வாங்க. பேரேட்டைப் பாருங்க.”

மருமகன் பார்த்தான். “இருக்கு மேடம். அப்படியே இருக்கு.”

மேடம் டயலைத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. “நாம நேத்து எப்படிப் படிச்சோம்? உச்சிக்கு வலது பக்கத்துல ஒண்ணுன்னு ஆரம்பிச்சு, முள் சுத்தற வழியிலேயே போனோம். பேனா வார்த்தை உச்சிக்கு இடது பக்கத்துல வந்துச்சு. பதினொண்ணுன்னு நெனச்சோம்.” டயலை முன்பக்கமாகத் திருப்பினார். “இப்போ அந்த இடத்துக்கு நேர் முன்னாடி என்ன நம்பர் இருக்கு?”

கொசுறு எட்டிப் பார்த்தான். “ஒண்ணு!”

“பின்னாடி இருந்து பார்த்தா ஒண்ணு இடது பக்கம் வரும். ரெண்டு அதுக்கும் கீழ வரும். எல்லாம் எதிர்ப்பக்கமா ஓடும். உங்களுக்கும் எனக்கும் கடிகாரம்னா முகம். உங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா எந்தப் பக்கத்தைப் பார்த்து வேலை செஞ்சார்?”

“முதுகுப் பக்கத்தைத்தான்” என்றார் மாமியார் மெதுவாக. “என்னைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அதோட முதுகையே பார்த்துக்கிட்டிருப்பார்.”

“ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, ரெண்டுக்குப் பின்னாடி ரெண்டு. அவருக்கு இதுல ரகசியமே கிடையாது. அதைத்தான் படுக்கையில இருந்து விரலால எழுதி எழுதிக் காட்டறார். நாம கட்டிலை எறக்கறோம்.”

மருமகன் ஃபோனை எடுத்தான். மேடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். குடை முதலில். பிறகு இடது பக்கமாக இறங்கி, அடியைச் சுற்றி, வலது பக்கமாக ஏறினார்கள். பன்னிரண்டாவது வார்த்தை உச்சியில் வந்து முடிந்தது.

ஃபோன் ஒரு நொடி யோசித்தது. பெட்டி திறந்தது.

மகள் இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தாள்.

“கொண்டாட்டம் அப்புறம்” என்றார் மேடம். “இந்தச் சாவிக்கு இன்னொரு நகல் வெளியில இருக்கு. இப்பவே புதுப் பெட்டி போட்டு எல்லாத்தையும் மாத்தணும். புதுப் பெட்டிக்குப் புதுசா பன்னிரண்டு வார்த்தை வரும். அம்மா, அதை நீங்க மட்டும் பார்த்து எழுதுங்க. ஃபோட்டோ கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மத்தவங்க எல்லாம் சுவரைப் பாருங்க.”

எல்லோரும் சுவர் பக்கம் திரும்பினார்கள். முதலில் திரும்பியவன் மருமகன்தான். கொசுறுவின் மூக்குக்கு முன்னால் ஒரு குயில் கடிகாரம் இருந்தது. கதவு திறந்து குயில் வெளியே வந்து, கூவாமல் அவனை முறைத்துவிட்டு உள்ளே போனது.

பின்னால் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது. மறுபடி நின்றது. சுவரில் நாற்பது கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“மாப்பிள்ளை” என்றார் மாமியார்.

இரண்டு நாளில் அவர் அவனை அப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. மருமகன் திரும்பாமலே, “சொல்லுங்க அத்தை” என்றான்.

“எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. எனக்குக் கண்ணு தெரியல. நீங்களே வந்து எழுதுங்க.”

மாமியாரின் கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த ஒரு கடிகாரத்தின் கண்ணாடியில் கொசுறுவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்ட கிண்டலை அவன் விழுங்கிவிட்டான். அவன் வாழ்க்கையில் அது பெரிய தியாகம்.

மருமகன் போய் உட்கார்ந்து எழுதினான். எழுதி முடித்த தாளை மாமியார் நாலாக மடித்து, அவன் சட்டைப் பையிலேயே வைத்தார். “எங்க வெக்கணுமோ வெச்சுட்டு வாங்க. எனக்கு இடம் மட்டும் சொல்லுங்க” என்றார்.

பணம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கிளம்பியது. பேரேட்டில் அது பதிவாகப் பத்து நிமிடம் ஆகும் என்றான் மருமகன். அந்தப் பத்து நிமிடமும் ஐந்து பேரும் ஒரே ஃபோனைச் சூழ்ந்து நின்றார்கள். மூன்று நாற்பத்திரண்டுக்குப் பதிவானது. பழைய பெட்டி காலி. புதுப் பெட்டி நிறைந்தது.

“வெறும் பெட்டியாவா விடறது?” என்றார் மேடம். அவர் மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தார். “கொசுறு, உன்கிட்ட எத்தனை தவளை இருக்கு?”

கொசுறு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். “மேடம்! அது என் எதிர்காலம்!”

“ரெண்டு டீ.”

“நாளைக்கு ஏறிடுச்சுன்னா?”

“ஏறாது” என்றார்கள் மேடமும் மருமகனும் ஒரே குரலில்.

கண்ணைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டே கொசுறு தன் தவளைகள் அத்தனையையும் பழைய பெட்டிக்கு அனுப்பிவைத்தான். மருமகனுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாளில் முதல்முறையாக அவனும் சிரித்தான். “அந்தத் தவளைய வெளிய எடுக்கணும்னா முதல்ல பெட்டிக்குள்ள கட்டணம் போடணும். கட்டணம் தவளையோட விலைய விட ஜாஸ்தி.”

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாமியாரின் பை உறுமியது. மேடம் தலையசைத்தார். மாமியார் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா” என்றது குரல். ஓடி வந்ததுபோல் மூச்சிரைத்தது. “ரொம்பக் கஷ்டப்பட்டுப் பெட்டியத் திறந்துட்டேம்மா. ஆனா உள்ள காசு இல்லம்மா. ஏதோ தவளை மட்டும் இருக்கு. நான்தான் சொன்னேனேம்மா, உங்க மருமகன் கை வெச்சிட்டான். கவலைப்படாதீங்கம்மா, ஃபீஸ் மட்டும் உடனே கட்டிட்டீங்கன்னா நான் எப்படியாவது...”

பேரேட்டில் பணம் பதிவான நேரத்திலிருந்து கொசுறு கணக்குப் போட்டான். கால் மணி நேரம். கால் மணி நேரம் பிந்தியிருந்தால் தவளைக்கே வேலை இருந்திருக்காது.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற மருமகனை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார்.

“எங்க மாப்பிள்ளை எடுக்கல தம்பி. நான்தான் எடுத்தேன். எடுத்துக் குடுத்தது அவர்” என்றார். “அந்தத் தவளைய நீயே வெச்சுக்கோப்பா. ஆனா ஒண்ணு, அதை வெளிய எடுக்கணும்னா முதல்ல நீ ஃபீஸ் கட்டணும்.”

சுவரில், டயல் இல்லாமல் வெறும் சக்கரங்களோடு ஓடிக்கொண்டிருந்த கடிகாரக்காரரின் சொந்தக் கடிகாரம், மிகச் சரியாக நாலு அடித்தது.